மீட்டரை டிரான்ஸ்பார்மரில் மாட்டுங்கள்

கொங்கு மண்டல மின் பகிர்மானப் பொறியாளர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

நான் காங்கேயம் பக்கம் மோட்டார் காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் தொழில் செய்பவன். உங்கள் லைன் முடிகிற இடத்தில் என் வேலை ஆரம்பிக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் நேராகவே பேசுகிறேன்.

ஒவ்வொரு டிசம்பரிலும் 14-ம் தேதி தேசிய எரிசக்தி சேமிப்பு நாள் வருகிறது. அதையொட்டி ஊர்வலம், துண்டறிக்கை, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி எல்லாம் நடக்கிறது. ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துங்கள், பழைய பல்பை மாற்றுங்கள் என்கிறீர்கள். சரிதான், செய்ய வேண்டியதுதான். ஆனால் நம் பக்கத்தில் மின்சாரம் பெரிதாக வீணாவது வீட்டுக்குள் இல்லை. டிரான்ஸ்பார்மருக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற கம்பியிலும், அந்தக் கிணற்றில் ஓடுகிற மோட்டாரிலும்தான் வீணாகிறது. அங்கே எவ்வளவு போகிறது என்பதற்கு உங்களிடமும் சரியான கணக்கு இல்லை, எங்களிடமும் இல்லை. தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஏதோ சில இடங்களில் மாதிரிக்கு மீட்டர் வைத்து, அதைப் பெருக்கி, விவசாயத்துக்கு இவ்வளவு போனது என்று எழுதுகிறார்கள். கம்பியில் சூடாகக் கரைந்ததும் அந்தக் கணக்கில் விவசாயி தலையில் ஏறிவிட வழி இருக்கிறது. கடைசியில் "இலவசம் என்பதால் வீணடிக்கிறார்கள்" என்ற பேச்சுதான் மிஞ்சுகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். விவசாயியின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மீட்டர் வேண்டாம். டிரான்ஸ்பார்மரில் மாட்டுங்கள். மாட்டி, வருகிற கணக்கை ஊர் பார்க்கும்படி வையுங்கள். அங்கிருந்து மற்றதைப் பேசலாம்.

பட்டறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எரிந்த மோட்டாரைப் பிரித்தால், அது ஏன் எரிந்தது என்று காயிலே சொல்லிவிடும். ஸ்டார் இணைப்பு (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்த முறை) உள்ள மோட்டாரில் மூன்று பேஸில், அதாவது மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளில், ஒன்று போய் மற்ற இரண்டில் ஓடியிருந்தால், இரண்டு பேஸின் காயில்கள் கரியாகியிருக்கும்; மூன்றாவது பேஸின் காயில் மட்டும் புதிதாகக் கட்டியது போலச் செம்பு நிறம் மாறாமல் பளபளக்கும். பேரிங் இறுகிப்போனால் ரோட்டார் (சுழலும் பாகம்) உரசிய தடம் தெரியும். ஆனால் கோடையில் வருகிற மோட்டார்களில் நிறைய வேறு மாதிரி இருக்கும். மூன்று பேஸும் ஒரே சீராகப் பழுப்பேறி, தாள் பொரிந்து, வார்னிஷ் கருகின நெடியோடு வரும். தொட்டால் எனாமல் உதிரும். ஒரே நாளில் எரிந்தது இல்லை அது. வாரக்கணக்கில் குறைந்த வோல்டேஜில் வெந்தது. கொண்டுவருகிற தோட்டத்துக்காரர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "மோட்டார் கத்துதுங்க, தண்ணி ஏற மாட்டேங்குது."

ஏன் அப்படி ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதே அளவு தண்ணீரை மேலே தள்ள, வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால், ஆம்பியர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். கம்பியில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், காயிலில் சூடு ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அது மோட்டாருக்கு மட்டும் இல்லை. அந்த ஆம்பியர் வருகிற வழி முழுக்க, போஸ்ட்டுக்குப் போஸ்ட் கம்பியும் அதே போலச் சூடாகிறது. 415-ல் கிளம்பி 340-ல் வந்து சேர்கிறது என்றால், அனுப்பிய மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் வழியிலேயே போய்விட்டது என்று அர்த்தம். பவர் ஃபேக்டரும் (இழுக்கிற ஆம்பியரில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு உதவுகிறது என்கிற அளவு) மோசமாக இருந்தால் இன்னும் அதிகம். இது யாரும் சுவிட்ச் போட்டு வீணடித்த மின்சாரம் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் ஏறவில்லை.

நம் ஊர்களின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். காவிரிப் பாசனப் பகுதி போல வீடெல்லாம் ஒரே தெருவில், வயலெல்லாம் ஒரே பக்கத்தில் என்று நம்மிடம் கிடையாது. தோட்டத்துக்கு ஒரு சாளை (தோட்டத்து வீடு), சாளைக்கு ஒரு கிணறு, ஒவ்வொன்றும் எட்ட எட்ட. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்த லைன் தோட்டம் தோட்டமாக நீண்டுகொண்டே போகும். முதல் மோட்டாருக்கும் கடைசி மோட்டாருக்கும் வோல்டேஜில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 11,000 வோல்ட் லைனை உள்ளே கொண்டுபோய், சின்ன டிரான்ஸ்பார்மர்களாகப் பிரித்து வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். அதே அளவு மின்சாரத்தை உயரழுத்தத்தில் அனுப்பும்போது ஆம்பியர் 25-ல் ஒரு பங்குதான். அதே கம்பியில் இழப்பு 600-ல் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இது செலவு பிடிக்கிற வேலை என்பது தெரியும். எந்த லைனில் முதலில் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கவாவது கணக்கு வேண்டாமா?

செலவு குறைந்த வழியும் ஒன்று உண்டு. கெபாசிட்டர். பவர் ஃபேக்டரைச் சரிசெய்கிற சின்னக் கருவி; எங்கள் பக்கம் கன்டென்சர் என்பார்கள். 5 ஹெச்.பி. மோட்டாருக்குப் பொதுவாக 2 கே.வி.ஏ.ஆர். (கெபாசிட்டரின் திறன் அளவு) போதும். பவர் ஃபேக்டர் 0.7-ல் ஓடுகிற மோட்டாரை 0.95-க்குக் கொண்டுவந்தால் லைனில் ஆம்பியர் கால்வாசி குறையும், இழப்பு கிட்டத்தட்டப் பாதியாகும். ஆனால் அதை மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் வைத்தால் அதற்கு மேலே இருக்கிற லைனுக்குத்தான் லாபம். தோட்டத்துக்குள் போகிற கம்பி அதே சூட்டில்தான் கிடக்கும்.

இணைப்பு வாங்கும்போது பலர் கெபாசிட்டர் வைக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது உப்பிப்போய்ச் செயலிழந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. மோட்டார் ஓடுகிறது, பில் வருவதில்லை, எதற்கு மாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். லாபம் உங்கள் லைனுக்கு என்பதால் கெபாசிட்டரை நீங்கள் கொடுங்கள். மாட்டித் தருகிற வேலையை ஊருக்கு ஊர் இருக்கிற எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் கூலி வாங்காமல் செய்து தருகிறோம். நான் பேசிப் பார்த்தவரை எங்கள் வட்டாரத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அப்புறம், மும்முனை மின்சாரம் வருகிற நேரம். கரண்டு வந்த அந்த நொடியில், 'ஆட்டோ'வில் (கரண்டு வந்ததும் தானே ஓடும்படி) போட்டு வைத்திருக்கும் மோட்டார் அத்தனையும் ஒன்றாகக் கிளம்புகின்றன. கிளம்பும்போது ஒரு மோட்டார் வழக்கமான ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பத்துப் பதினைந்து மோட்டார் ஒன்றாக இழுத்தால் வோல்டேஜ் என்னாகும், பியூஸ் என்னாகும்? ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் சில விநாடி முன்பின்னாக டைமர் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். நடுராத்திரியில் வருகிற கரண்டுக்குப் பயந்துதான் 'ஆட்டோ'வில் போடுகிறார்கள். இருட்டில் பாம்பு கிடக்கும் வரப்பில் நடந்துபோய் மோட்டாரை எடுத்துவிட எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது? அப்படி ஓடுகிற மோட்டார் தொட்டி நிறைந்து வழிந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பகலில், நேரம் மாறாமல் கொடுத்தால் 'ஆட்டோ'வுக்கு வேலையே இல்லை. இப்போது பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிற காலம். பாசனத்தைப் பகலுக்கு மாற்ற இதைவிட நல்ல நேரம் வராது.

சரி, மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் மீட்டர் என்றாலே நம் விவசாயிகள் கொதிப்பது ஏன் என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் இளம் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1970-ல் மின் கட்டணத்தைக் கூட்டியபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் எழுந்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காக நடந்த போராட்டம் அது. அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-ல் கோவை நகரத்தையே மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது அரசு தானாகத் தூக்கிக் கொடுத்த சலுகை என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. எங்கள் வீடுகளில் இந்தக் கதையைத் தாத்தாவும் அப்புச்சியும் சொல்லித்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். இன்றைக்கு மீட்டர் வைத்தால் நாளைக்குப் பில் வரும் என்று அவர்கள் பயப்படுவதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள்.

டிரான்ஸ்பார்மர் மீட்டர் அந்தப் பயத்தைத் தொடாமலே வேலையை முடிக்கும். பத்துப் பதினைந்து இணைப்புக்கு ஒரு மீட்டர். எத்தனை யூனிட் போகிறது, பவர் ஃபேக்டர் எவ்வளவு, மூன்று பேஸிலும் ஆம்பியர் சமமாக இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். அதே நேரத்தில் ஒரு ஆள் லைனின் கடைசி மோட்டாரில் டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவி) வைத்து வோல்டேஜும் ஆம்பியரும் எடுத்தால் போதும். கம்பியின் நீளமும் கனமும் உங்களிடம் இருக்கின்றன. கம்பியில் எவ்வளவு போகிறது, மோட்டாருக்கு எவ்வளவு போகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். யாருடைய தனிப்பட்ட கணக்கும் வெளியே வராது.

இது எங்களுக்கும் சங்கடம் தருகிற கணக்குதான். 5 ஹெச்.பி.க்கு அனுமதி வாங்கி ஏழரை ஓட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க மோட்டாரைப் பெரிதாக்குகிறார்கள், ஆபீஸில் சொல்வதில்லை. இரண்டு பேஸ் மட்டும் வரும்போது கெபாசிட்டரை இணைத்து மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுகிறவர்களும் உண்டு. மொத்த அனுமதியைவிட அதிகம் போகிறது என்று மீட்டர் காட்டினால், ஆளைப் பிடித்து அபராதம் போடாமல், ஊரைக் கூப்பிட்டுப் பேசி, பெரிய டிரான்ஸ்பார்மருக்கு வழி செய்யுங்கள். மறைக்கிறவர் முதலில் கெடுப்பது பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைத்தான் என்று தெரிந்தால் ஊரே பார்த்துக்கொள்ளும்.

எங்கள் தொழிலிலும் திருத்த வேண்டியது இருக்கிறது. பழைய காயிலைச் சீக்கிரம் எடுக்க ஸ்டேட்டரை (காயில் பொதிந்திருக்கும் சுழலாத பாகம்) தீயில் போடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் பூச்சு போய், அந்த மோட்டார் அதற்குப் பிறகு எப்போதும் கூடுதலாகத்தான் இழுக்கும். சரியான கேஜ் கம்பி கிடைக்காமல் மெல்லியதைக் கட்டினாலும் அப்படித்தான். 1937-லேயே நாட்டின் முதல் மின்மோட்டார்களில் ஒன்றைச் செய்த ஊர் கோயம்புத்தூர். பம்புக்கும் மோட்டாருக்கும் நாடு முழுக்கப் பேர் வாங்கின சீமை இது. இங்கேயே மோட்டாரைத் தீயில் போட்டுக் கெடுப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். காயில் கட்டுகிறவர்களுக்கு முறையான பயிற்சியும் சோதனைக் கருவியும் வட்டத்துக்கு ஓரிடத்தில் கிடைக்கும்படி நீங்கள் செய்தால், ஒவ்வொரு மோட்டாரிலும் மிச்சமாவது உங்கள் கணக்கில்தான் சேரும்.

ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 60 அடி கிணற்றிலிருந்து ஏற்ற, பம்பும் மோட்டாரும் குழாயும் தின்பதையும் சேர்த்து, ஏறக்குறைய கால் யூனிட்டில் பாதி போதும். அதே தண்ணீரை 1,000 அடி போரிலிருந்து (ஆழ்துளைக் கிணறு) ஏற்ற ஏறக்குறைய 2 யூனிட் வேண்டும். பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கமெல்லாம் ஆயிரம் அடியைத் தாண்டிப் போர் போடுவது சாதாரணமாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த நீரேற்றத்துக்கும் உங்கள் மின்சாரம்தான். ஆனால் குளம் நிறைந்து, சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறினால், அத்தனை தோட்டத்திலும் மின்சாரம் மிச்சம். குளத்துக்குப் பக்கத்து டிரான்ஸ்பார்மர்களில் இப்போதே மீட்டர் இருந்தால் அந்த மிச்சம் எவ்வளவு என்று கையில் பிடித்துக் காட்டலாம். நீர்வளத் துறையும் நீங்களும் சேர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிற வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கனம் உங்களுக்குப் புதிதில்லை. ஆனைமலையில் காடம்பாறை இருக்கிறது. தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மலைக்கு மேலே ஏற்றி வைத்து, தேவை உச்சத்தில் இருக்கும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிற நிலையம். 1980-களிலேயே இதைச் செய்து முடித்தவர்கள் நீங்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. டிரான்ஸ்பார்மர் எண்ணெயைக் கொட்டிவிடாமல் வடிகட்டி, ஈரம் எடுத்து, மறுபடி ஊற்றுகிறீர்கள். டிரான்ஸ்பார்மருக்குள் ஈரம் போகாமல் தடுக்கிற சிலிக்கா ஜெல் மணிகள் ஈரம் குடித்து வெளிர் சிவப்பானதும் அதை வறுத்து, அது மறுபடி நீலமாக மாறுவதைக் களப் பணியாளர்கள் செய்து காட்ட நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கைப்பிடி மணியைக்கூட வீணாக்காதவர்களிடம்தான் கேட்கிறேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அனல் நிலையத்தில் ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரி என்றால் அதில் கால் கிலோ அளவுக்குச் சாம்பலாகத்தான் மிஞ்சும். சாம்பலை என்ன செய்வது என்று யோசிப்பதைவிட, தோட்டத்துக் கம்பியில் அந்த யூனிட்டை மிச்சம் பிடிப்பது மேல்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் லைனுக்குக் கீழே வெட்டுகிற வேப்பங்கிளை, தென்னை மட்டை எல்லாம் ரோட்டோரத்திலேயே காய்ந்து, கடைசியில் யாராவது தீ வைக்கிறார்கள். தூளாக்கும் இயந்திரம் ஒன்றைக் கோட்டத்துக்கு வாங்கி, அரைத்ததைப் பக்கத்துத் தோட்டத்தில் மூடாக்காகப் போடக் கொடுங்கள். மூடாக்குப் போட்ட மண்ணில் ஈரம் கூடுதல் நாள் நிற்கும், மோட்டார் அவ்வளவு நேரம் குறைவாக ஓடும்.

களப் பணியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆடிக் காற்றில் கம்பி அறுந்தால் முதலில் திட்டு வாங்குவது நீங்கள்தான். ஆள் பற்றாக்குறையோடு எத்தனை கிராமத்தைப் பார்க்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். இந்த மடல் உங்கள் வேலையைக் கூட்டுவதற்கு எழுதியதில்லை. இழப்பு குறைந்தால் பியூஸ் போவதும் ஜம்பர் (போஸ்ட்டில் கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) அறுவதும் குறையும், போஸ்ட் ஏறுகிற தடவையும் குறையும்.

பொறியாளர்களே, மழைக்காலத்தில் மோட்டார் ஓட்டம் குறைவு. சித்திரை, வைகாசியில்தான் லோடு உச்சத்துக்குப் போகும். பங்குனிக்குள் கோட்டத்துக்குச் சில டிரான்ஸ்பார்மர்களிலாவது மீட்டரை மாட்டிவிட்டால் ஒரு கோடையின் முழுக் கணக்கும் கிடைக்கும். அதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். விவசாயிகள் சங்கத்தாரை உட்காரவைத்து விளக்குங்கள். விளக்குகிற இடத்துக்கு நாங்களும் எரிந்த காயில்களைக் கொண்டுவந்து காட்டுகிறோம்.

எங்கே தொடங்குவது என்று யோசிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பட்டறையிலும் வரவு நோட்டு இருக்கிறது. எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை ஹெச்.பி., எதனால் எரிந்தது, எந்த மாதம் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆள் பெயரை விட்டுவிட்டு, ஒரே லைனில் அடிக்கடி காயில் போகிற இடங்களை மட்டும் எடுத்தால், வோல்டேஜ் விழுகிற டிரான்ஸ்பார்மர்களின் பட்டியல் அதுவேதான். காங்கேயம் வட்டாரத்துப் பட்டறைகளின் நோட்டுகளிலிருந்து அந்தப் பட்டியலை நானே தொகுத்துத் தருகிறேன். தாராபுரம், பல்லடம், கோபி பக்கத்துத் தொழில்காரர்களிடமும் கேட்டு வாங்க முடியும். உங்கள் கோட்ட அலுவலகத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டாரத்து மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி ஒருவர்